இருபத்தேழாவது ஊர்

எக்ஸ்ரே முதன்முதலில் என் பஸ்ஸில் ஏறியபோது போனில் தன் நாத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தமிழில். இந்த நாட்டில் தமிழில் என்ன கத்தினாலும் ஒருத்தருக்கும் புரியாது என்ற தைரியத்தில், என் சீட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, கல்யாணத்தன்று நடந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் எடுத்து வீசிக்கொண்டிருந்தாள். நானும் ஏழு ஸ்டாப் பொறுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்துவிட்டு, "நியாயம் உங்க பக்கம்தாங்க. விட்டுக்கொடுக்காதீங்க" என்றேன்.

படியில் வைத்த கால் அப்படியே நின்றது. அவள் காதிலிருந்த போனிலிருந்து, "அண்ணி, யாரு அது?" என்று ஒரு குரல் கேட்டது.

அன்றிலிருந்து பழக்கம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை என்பதால் நான் அவளை எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவேன். நான் அவளுக்கு டிரைவர் அக்கா. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேரும் வேலை கிடைத்து இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நாலாவது மாடியில் ஒரு வீடு. சனிக்கிழமை கடைக்குப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு ஊருக்குப் போன் பேசுவார்கள். அந்தப் பதினோரு வருஷத்தில் இந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்த இடங்கள் நாலு. வீடு, ஆஸ்பத்திரி, கடை, என் பஸ்.

"உனக்கு வேற போக்கிடமே இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கக்கா போறது? போனா பேசணும். ஆஸ்பத்திரி வேலைக்கு வேண்டிய பத்து வார்த்தையைத் தாண்டிப் பேசினா அவங்களுக்குப் புரியாது, அவங்க பேசினா எனக்குப் புரியாது."

"பேசாம செய்யற காரியம் ஒண்ணு இருக்கு, வா" என்று டெப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் டெப்போவின் பின்புறம் டயர் அடுக்கும் கூடத்தில் மூன்று டேபிள் டென்னிஸ் மேஜைகள் கிடக்கும். டிரைவர்களும் மெக்கானிக்குகளும் ஷிஃப்ட் முடிந்ததும் ஆடுவார்கள். வெளியாட்களும் சேரலாம். ரப்பர் வாடையைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் மட்டையைக் கையால் தொட்டதில்லை. முதல் மாதம் பந்து மேஜையில் பட்டதை விட டயருக்குள் போய் விழுந்ததுதான் அதிகம். ஆனால் ஒன்று கவனித்தேன். எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. பந்து சுற்றிக்கொண்டு வரும்போது அதில் அச்சிட்டிருக்கும் முத்திரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எனக்குப் பத்து வருஷம் ஆடியும் அது தெரியாது. இந்த ஊர் பாஷையும் அங்கேதான் அவளுக்கு வந்தது. முதலில் பூஜ்யத்திலிருந்து பதினொன்று வரை. பிறகு "என் பாயின்ட்", "உன் பாயின்ட்", "வலையில பட்டுச்சு". அப்புறம் வம்பு தும்பு எல்லாம்.

ஒரு வருஷம் கழித்து வெளியூர்ப் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்தாள். தோற்றால் வெளியே என்கிற போட்டி. வீட்டுக்காரரும் கூடப் போனார். காலை ஒன்பது மணிக்கு ஆட்டம், ஒன்பதே காலுக்கு வெளியே. திரும்பும் ரயிலோ மாலை ஆறு மணிக்கு. அவள் கூடத்து வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் சொன்னாராம்: "சரி, தோத்தாச்சு. வந்ததுக்கு ஊரையாவது பார்ப்போம்."

பார்த்தார்கள். ஆற்றங்கரை, பழைய கடிகாரக் கடை, ஒரு பறவைப் பூங்கா. ஆட்டத்தை எடுத்த மாதிரியே ஊரையும் அவர் போனில் படம் எடுத்தார். தோற்ற கடைசி பாயின்டை முதலில் ஒட்டி, பின்னால் ஊரை ஒட்டி, குடும்ப குரூப்பில் போட்டாள். நாத்தனார் சிரித்த சிரிப்பில், இதை எல்லாருக்கும் போட்டால் என்ன என்று தோன்றி, "தோத்தாச்சு, ஊரைப் பார்ப்போம்" என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள்.

அது பிடித்துக்கொண்டது. மாதத்துக்கு ஒரு போட்டி, மாதத்துக்கு ஒரு ஊர், எல்லா ஊரிலும் முதல் சுற்றிலேயே தோல்வி. பார்க்கிறவர்களுக்கு அவள் தோற்கிற அழகும் பிடித்தது, அவள் வீட்டுக்காரரும் பிடித்தார். மனிதர் எந்தக் கோபுரத்துக்குப் போனாலும் மேலே ஏறி ஊரைப் பார்க்க மாட்டார். லிஃப்டைத்தான் பார்ப்பார். "இந்தக் கதவு ஒரு நாள் யாரையாவது நடுவுல நிறுத்தப் போகுது" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்பார். அதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருந்தது. இரண்டு வருஷத்தில் பதினோராயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கு "முதல் ரவுண்டு அக்கா" என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் சொன்னாள்: "நேத்து ஒரு பெரியவர் தோள்பட்டைக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தார் அக்கா. படுத்துக்கிட்டே என்னை உத்துப் பாத்துட்டு, 'நீங்கதானே அந்தத் தோக்கற அம்மா'ன்னார். ரொம்ப சந்தோஷமா கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னேன்." சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இருபத்தாறாவது ஊருக்கு நானும் போனேன். எனக்கு முழங்கால் சரியில்லை, அதனால் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அந்த ஊரில் பெரிய ஏரி. பன்னிரண்டு மணிப் படகில் மூன்று பேருக்கும் முன்கூட்டியே இடம் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவளுக்கு எதிரே ஆடியவர் ஒரு நூலகர். நெட்டையான பெண்மணி, முழங்காலில் நீலப் பட்டை, ஒவ்வொரு பாயின்டுக்கும் நடுவில் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம்.

அன்று எக்ஸ்ரே ஆடிய ஆட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மூன்று செட் எடுத்தால் ஜெயிப்பு; செட் கணக்கில் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தாள். நாலாவது செட்டில் எட்டுக்கு நாலு. இன்னும் மூன்று பாயின்ட். அப்போது அவள் தலை தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்த்ததை. அதற்குப் பிறகு பந்தைக் கையில் வாங்கியதும் சர்வீஸ், வாங்கியதும் சர்வீஸ். பின்னாலேயே நாய் துரத்துகிற மாதிரி ஒரு அவசரம். அந்த செட்டும் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

கை குலுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்தாள். "பத்தேகாலுக்கே முடிஞ்சுது. படகுக்கு நிறைய நேரம் இருக்கு."

படகு நன்றாகத்தான் இருந்தது. திரும்பும் ரயிலில் அவள் போனில் போட்டி முடிவுகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தேன். கோப்பையை வாங்கியது நூலகர். மற்ற எல்லா ஆட்டத்திலும் எதிராளிக்கு ஒரு செட் கூடக் கொடுக்காமல் ஜெயித்திருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. என் பஸ்ல சில பேர் ஏறும்போதே இறங்கற ஸ்டாப்பைப் பாத்துக்கிட்டு கதவுகிட்டயே நிப்பாங்க. உள்ள சீட்டு காலியா இருந்தாலும் உக்கார மாட்டாங்க. நீ அப்படித்தான் ஆடற. ஆடப் போகும்போதே படகு டிக்கெட் எடுத்துட்டுப் போறவ எப்படி ஜெயிப்பா?"

அவள் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த ஒன்பது நாள் அவள் என் பஸ்ஸில் பின்கதவு வழியாக ஏறினாள், பின்கதவு வழியாக இறங்கினாள். கண்ணாடியில் பார்ப்பேன். கடைசி சீட்டில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாக்கைக் கடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

பத்தாம் நாள் முன்கதவில் ஏறினாள். "இருபத்தாறு எக்ஸ்ரே பாத்தேன் அக்கா" என்றாள். வீட்டுக்காரர் எடுத்த முழு வீடியோக்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். "எல்லாத்துலயும் ஒரே இடத்துல விரிசல். ஜெயிக்கற மாதிரி வந்தா கடிகாரத்தைப் பாக்கறேன். உடனே சர்வீஸை வேகமா போடறேன். பத்தொன்பது ஆட்டத்துல இப்படித்தான். எனக்குத் தோக்கறதுக்கு அவசரம் அக்கா. படத்துல பளிச்சுனு தெரியுது."

பின்னால் நின்ற பெண் நகரச் சொன்னாள். எக்ஸ்ரே நகரவில்லை. "இன்னிக்கு டெப்போ எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

மூன்று மாதம் ஆடினோம். வேலை முடிந்து ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை. பூஜ்யத்தில் தொடங்கவே மாட்டோம். அவளுக்கு எட்டு, எனக்கு நாலு என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். அந்த மூன்று பாயின்டை எடுப்பதற்குள் முதல் வாரம் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்வீஸ் போடுமுன் உள்ளங்கையை மேஜையில் துடைக்க வேண்டும், பந்தை மூன்று தடவை தட்ட வேண்டும், முத்திரையைப் பார்க்க வேண்டும். இது நான் சொன்னதில்லை, அவளே வைத்துக்கொண்ட சட்டம். என் முழங்கால் ஓய்வு கேட்டால் மெக்கானிக்குகளைக் கூப்பிடுவாள். அவர்கள் முதலில் சும்மா விளையாட்டாக வந்தார்கள். இரண்டாவது மாதம் முடிவதற்குள் அவர்களே அவளிடம் தோற்றுவிட்டு, வெளிச்சம் சரியில்லை, பந்து சரியில்லை என்று சாக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இருபத்தேழாவது ஊர் வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான பிரிவு, பதினாறு பேர். இந்தத் தடவை எந்த இடத்துக்கும் பதிவு செய்யக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் முகம் தொங்கிவிட்டது. அந்த ஊர்க் குன்றின் மேல் ஒரு கோபுரம், அதில் நூறு வருஷத்து லிஃப்ட் ஒன்று இன்னும் ஓடுகிறதாம். ஒரு மாதமாக அதைப் பற்றிப் படித்து வைத்திருந்தார்.

"அடுத்த வாரம் போறேன். இந்தத் தடவை ஊர் காட்டுவேனான்னு தெரியல" என்று தன் இணையப் பக்கத்தில் எழுதினாள். யாரும் நம்பவில்லை. "ஒன்பதரைக்குள்ள முடிச்சிட்டு வாங்க அக்கா, காத்திருக்கோம்" என்று ஒருவர். நாத்தனார் தன் பங்குக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள்: "அண்ணி, அங்க ரோஜாத் தோட்டம் ரொம்ப நல்லா இருக்குமாம். அவசரப்படாம நிதானமா எடுங்க."

பழைய கிடங்கு ஒன்றைக் கூடமாக மாற்றியிருந்தார்கள். நீலத் தரை, பத்து மேஜை, நாலு பக்கமும் பந்துச் சத்தம் மழை பெய்கிற மாதிரி. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் யார் யாரோடு என்று பார்த்தோம். முதல் இரண்டு சுற்றும் தாண்டினால் செமி ஃபைனலில் நூலகர் வருவார். "அதை இப்ப பாக்காதே" என்றேன். "பாக்கல" என்றாள். பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் ஆட்டம் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணோடு. மூன்றுக்கு ஒன்று. எக்ஸ்ரே ஜெயித்தாள். கடைசிப் பந்து எதிர்ப்பக்கம் வலையில் விழுந்தது, கை குலுக்கினாள், நேராக எங்களிடம் வந்து பையில் துண்டை மடித்து வைத்து ஜிப்பை இழுத்தாள். அவள் வீட்டுக்காரரும் பழக்க தோஷத்தில் கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டார். நடுவர் அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். "எங்க போறீங்க? போகக் கூடாது. நீங்க ஜெயிச்சிருக்கீங்க. ஸ்கோர் தாளை நீங்கதான் கொண்டு போய் மேஜையில கொடுக்கணும்."

எந்த மேஜை என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு போட்டி ஆடியவள், ஜெயித்தவர்கள் எங்கே போவார்கள் என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் மூன்றுக்குப் பூஜ்யம். எதிரே ஆடிய பெண் பாவம், நன்றாகத்தான் ஆடினாள்.

மதியம் இரண்டு மணிக்கு நூலகர். அதே நீலப் பட்டை, அதே கண்ணாடி துடைப்பு. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் தலையசைத்தார். அவருக்கும் நினைவு இருந்தது. முதல் இரண்டு செட்டை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். மூன்றாவது நூலகர். நாலாவது எக்ஸ்ரே. அதற்குள் மற்ற மேஜைகளில் ஆடி முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எங்களைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். முடி திருத்தும் பெண் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "உங்க ஆளு மூச்சே விடமாட்டேங்கறாங்க" என்றாள். "வேலையிலயும் அப்படித்தான், மத்தவங்களையும் மூச்சு விட விடமாட்டா" என்றேன்.

ஐந்தாவது செட்டில் எட்டுக்கு நாலு. எக்ஸ்ரே முன்னால். நூலகரின் தலைக்கு மேலேயே சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அவள் உள்ளங்கையை மேஜையில் துடைத்தாள். பந்தைத் தட்டினாள், ஒன்று, இரண்டு, மூன்று. பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஆனால் நூலகரும் லேசுப்பட்டவர் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. சமம். பிறகு ஒன்பதுக்கு ஒன்பது. பிறகு நூலகருக்குப் பத்து.

அந்தப் பந்து எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து தடவைக்கு மேல் இங்கும் அங்கும் போனது. கடைசியில் எக்ஸ்ரே எட்டி ஒரு தள்ளு தள்ளினாள். பந்து எதிர் ஓரத்தைத் தாண்டிக் கீழே போனது. நடுவர் நூலகர் பக்கம் கையைத் தூக்கிவிட்டார். ஆட்டம் முடிந்தது. இரண்டொருவர் கை தட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நூலகர் தன் பக்கத்து மேஜை விளிம்பில் ஒரு விரலை வைத்தார். "இங்க பட்டுச்சு" என்றார். "லேசா உரசிட்டுப் போச்சு. அவங்க பாயின்ட்."

"நான் பாக்கலையே" என்றார் நடுவர்.

"நான் பாத்தேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். பத்துக்குப் பத்து. எக்ஸ்ரே அவரைப் பார்த்துத் தலை குனிந்தாள். அதற்காக அடுத்த பந்தை விட்டுக்கொடுக்கவெல்லாம் இல்லை. பதினொன்று பத்து. சமம். பன்னிரண்டு பதினொன்று. மறுபடி சமம். பதின்மூன்று பன்னிரண்டு, எக்ஸ்ரே முன்னால். அடுத்த சர்வீஸ் நூலகர் கையில். பந்து சுற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரே அதை ஒரு கணம் வரவிட்டாள். முத்திரையைப் படித்துவிட்டாள் என்று அவள் தோளைப் பார்த்தே தெரிந்தது. வலது மூலையில் ஒரே அடி. நூலகர் நகரக்கூட இல்லை.

கூடத்தில் எழுந்த சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. இரண்டு பெண்களும் வலைக்குப் பக்கத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் முழங்காலை மறந்து நான் நாற்காலி மேல் ஏறியிருந்தேன். இறங்குவதற்கு முடி திருத்தும் பெண்தான் கை கொடுத்தாள். வீட்டுக்காரரைத் தேடினால் காணவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"படம் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்தேங்க்கா. பாதிக்கு மேல தரையத்தான் எடுத்திருக்கேன் போல."

ஃபைனலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதிரே இடது கை ஆட்டக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, பலசாலி. நான் நகத்தைக் கடிக்கத் தயாராக உட்கார்ந்தேன், கடிக்க நேரம் கிடைக்கவில்லை. பயம் விட்டுப்போன ஒருத்தியை அன்று யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. மூன்றுக்குப் பூஜ்யம். கடைசிப் பந்து விழுந்ததும் எக்ஸ்ரே பையை மூடப் போகவில்லை. தானே தாளை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து, மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

கோப்பை கொடுத்தபோது இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுதி வைத்துக்கொண்டு படிக்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்து வார்த்தை கேட்கவில்லை. மைக்கை வாங்கி, இந்த ஊர் பாஷையில், டெப்போ மெக்கானிக்குகளுக்கும் தன் டிரைவருக்கும் நன்றி சொன்னாள். தனக்கு டிரைவர் வைத்திருக்கும் பணக்காரி என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். நூலகரை மேடைக்குக் கூப்பிட்டு, அந்த விளிம்புப் பந்தைப் பற்றிச் சொன்னாள். அதற்குத்தான் கூட்டம் அதிகம் கை தட்டியது.

வீட்டுக்காரர் அங்கேயே ஒரே ஒரு படத்தை இணையப் பக்கத்தில் போட்டார். வேர்த்து வழிந்த முகம், மூடிய கண், மார்போடு கோப்பை. ஐந்து நிமிஷத்தில் நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, யாரோட கப்பு அது? யாருக்காக பிடிச்சிக்கிட்டு நிக்கறீங்க?" எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னாள். உடனே நாத்தனார் தன் வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. பக்கத்து வீடு, எதிர் வீடு வரைக்கும் போய்விட்டது. எக்ஸ்ரே போனை ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டாள்.

பக்கத்தில் கமென்டுகள் குவிந்துகொண்டிருந்தன. "அதெல்லாம் சரி, ஊர் எங்க அக்கா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "பாக்க நேரமில்ல" என்று பதில் போட்டாள். அதை எழுதும்போது அவள் முகத்தில் இருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே.

மாலை ரயில் பிடித்தோம். கோப்பை பைக்குள் போகவில்லை. வீட்டுக்காரர் அதை மடியில் நிற்கவைத்து, பிரேக் போடும்போதெல்லாம் கையால் அணைத்துக்கொண்டு வந்தார். டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். கோப்பையைப் பார்த்ததும் வீட்டுக்காரரிடம் கையை நீட்டி, "வாழ்த்துக்கள் சார்" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "நான்தாங்க ஜெயிச்சது."

டிக்கெட்காரர் திரும்பிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. எத்தனை பேரை?"

"நாலு பேரை."

"அடேயப்பா. எப்படி?"

எக்ஸ்ரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிர் சீட்டிலிருந்த என் பையை எடுத்துக் கீழே வைத்து அவருக்கு இடம் காட்டினாள். அவரும் உட்கார்ந்துவிட்டார். முடி திருத்தும் பெண்ணின் முதல் சர்வீஸிலிருந்து, ஒரு பந்து விடாமல், அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெட்டியில் மற்ற யாருடைய டிக்கெட்டையும் அன்று யாரும் பார்க்கவில்லை.